ஒரு வீட்டுக்கு ஒரு கருத்து

வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிறவர்கள் படம் முடிந்ததும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்ற கவலை நெடுங்காலம் யாருக்கும் இல்லாமல் இருந்தது. அந்தக் காலத்தில் மக்கள் படம் பார்த்தார்கள், கொட்டாவி விட்டார்கள், "சுமார்" என்றார்கள், போய்ப் படுத்துக்கொண்டார்கள். இதனால் நாட்டுக்கு எந்தக் குறைவும் வந்ததாகத் தெரியவில்லை. பிறகு வேறு வேலை கிடைக்காத பெரிய மனிதர்கள் சிலர் ஓரிடத்தில் கூடி, இத்தனை கருத்துகள் கேட்பாரற்றுக் காற்றில் கலந்து வீணாகின்றனவே என்று வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்துக்கு ஒரு கட்டடம் கிடைத்தது. கட்டடத்துக்கு ஒரு தலைவர் கிடைத்தார். தலைவருக்கு ஒரு கார் கிடைத்தது. கார் வந்துவிட்ட பிறகு யாராலும் பின்வாங்க முடியாது. இல்லத் திரைக்கருத்து ஒழுங்கமைப்பு வாரியம் பிறந்தது இப்படித்தான்.

வாரியத்தின் வாசலில் பித்தளை எழுத்தில் ஒரு வாசகம் உண்டு: "பார்ப்பது உங்கள் உரிமை. சொல்வது எங்கள் பொறுப்பு." மூன்று நிபுணர் குழுக்கள் அமர்ந்து உருவாக்கிய வாசகம் அது. முதல் குழு முதல் வாக்கியத்தை எழுதியது. இரண்டாவது குழு இரண்டாவதை எழுதியது. மூன்றாவது குழு முற்றுப்புள்ளிகளை வைத்தது. அதன் படிச்செலவுதான் மூன்றிலும் அதிகம்.

ஒரு நாள் வாரியத்தின் ஆட்கள் தெருத்தெருவாக வந்து, ஒவ்வொரு வீட்டிலும் டிவிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். படம் முடிந்ததும் அதன் முன்னால் நின்று ஒரு சிறுகருத்தைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு சொற்களுக்கு மிகக்கூடாது. கருத்து ஏற்கப்பட்டால் பச்சை விளக்கு எரியும். அடுத்த படம் பார்க்கலாம். ஏற்கப்படாவிட்டால் சிவப்பு. சிவப்பு எரிகிற வீட்டில் எந்தப் படமும் ஓடாது.

இந்தப் பெட்டி வந்து சேர்ந்த வீடுகளில் ஒன்று கண்ணாடிக்காரர் வீடு. அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸை அறுத்துச் சட்டத்தில் பொருத்தும் வேலையில் இருந்தார். நாள் முழுவதும் மற்றவர்களுக்கு எல்லாம் நன்றாகத் தெரிய வேண்டும் என்ற நல்லெண்ணத்திலேயே கழியும். அந்த நல்லெண்ணம் மாலையிலும் மிச்சமிருக்கும். ஆகவே எந்தப் படத்தைப் போட்டாலும் அவருக்குப் பிடித்துவிடும். அவர் மனைவிக்குப் பால் பண்ணையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. வருகிற பாலில் எதைக் கலந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். தெருவில் எல்லாருக்கும் லேப் அம்மா. அவருக்கு இதுவரை ஒரு படமும் பிடித்ததில்லை. ஆனால் ஒரு நாள் படம் பார்க்காமல் இருக்க மாட்டார்.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு இந்த இரண்டு பேருக்கும் வீட்டில் இருந்த ஒரே சொத்து இந்த மாலைப் படமும், அதற்குப் பிறகு வரும் சண்டையும்தான். சண்டைக்கு இடம் சமையலறைத் தொட்டி. அவர் பாத்திரம் கழுவுவார். லேப் அம்மா துடைத்து அடுக்குவார். படத்தைப் பற்றிய விவகாரம் முடியும்வரை ஒரு தட்டே கையில் சுழன்றுகொண்டிருக்கும்.

பேய்ப் படம் பார்த்தால் அவர், "பயமா இருந்தது" என்பார்.

"அந்த வீட்ல கரண்ட் பில்லைக் கட்டியிருந்தா பேயே வந்திருக்காது" என்பார் லேப் அம்மா.

நீர்மூழ்கிக் கப்பல் படம். "எனக்கே மூச்சு முட்டிடுச்சு."

"சுத்தியும் அவ்வளவு தண்ணி. ஒருத்தனாவது குளிச்ச மாதிரி இருந்தானா?"

காதலர்கள் கால் நூற்றாண்டு பிரிந்திருந்து ரயில் நிலையத்தில் சேருகிற படம். "நான் அழுதுட்டேன், சொல்றதுல வெக்கமில்லை."

"ஒரு போன் பண்ணியிருந்தா முதல் ரீல்லயே முடிஞ்சிருக்கும். ரெண்டும் மண்டு. மண்டுங்க சேர்ந்தா என்ன, சேராட்டி என்ன?"

ஒரே ஒரு முறை விபத்து நடந்தது. நாய் ஒன்று எசமானைத் தேடி நாடு கடந்து நடக்கிற படம். "நாய் நல்லா நடிச்சது" என்றார் அவர். "நாய் மட்டும்தான் நடிச்சது" என்றார் லேப் அம்மா. இது ஒத்துப்போனதாக ஆகிவிட்டதே என்று இருவருக்கும் கொஞ்ச நேரம் சங்கடமாகப் போய்விட்டது. பிறகு அந்த நாய் கடைசிக் காட்சியில் வாலை ஆட்டியது சந்தோஷத்திலா, பசியிலா என்று பிடித்துக்கொண்டு, கரண்டிகள் வரைக்கும் கழுவி முடித்தார்கள்.

பெட்டி வந்த முதல் மாலை, ரயில் நிலையக் காதலர்கள் படத்தையே மறுபடி போட்டார்கள். முடிந்ததும் கண்ணாடிக்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பெட்டியின் முன் நின்றார்.

"பரவாயில்லைங்க" என்றார்.

"பரவாயில்லை என்பது கருத்து அல்ல. அது ஒரு மனநிலை. மீண்டும் முயலவும்" என்றது பெட்டி. பெண் குரல். தொண்டையில் தேன் தடவியது போலிருந்தது.

"நல்ல படம். அழுகை வந்தது."

பச்சை எரிந்தது. அவருக்குப் பரீட்சையில் தேறியதுபோல் இருந்தது. இதைச் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த லேப் அம்மா, ஈரக்கையைத் துடைத்தபடி வந்தார்.

"இந்தாம்மா, அவர் சொன்னதை எடுத்துக்காதே. எந்தப் படத்துக்கும் அவருக்கு அழுகை வரும். இது பால்பவுடர்ல தண்ணி ஊத்தின படம்" என்றார் பெட்டியிடம்.

பெட்டி சிறிது யோசித்தது. "ஒரே இல்லத்திலிருந்து இரண்டு சிறுகருத்துகள் பெறப்பட்டுள்ளன. இவற்றில் இல்லம் எது என்பதை வாரியத்துக்கு நேரில் வந்து தெளிவுபடுத்தவும்."

சிவப்பு எரிந்தது.

மறுநாள் கடையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு அவர் வாரியத்துக்குப் போனார். கூடத்தில் மூன்று வரிசைகள். ஒன்றின் மேல் "நன்று", இன்னொன்றின் மேல் "நன்றன்று", மூன்றாவதன் மேல் "பிற" என்று எழுதியிருந்தது. முதல் இரண்டிலும் ஆளே இல்லை. "பிற" வரிசை கூடத்தைத் தாண்டி, படிக்கட்டில் இறங்கி, சைக்கிள் நிறுத்தத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. அவருக்கு முன்னால் நின்றவர் தனியாகக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்.

"உங்க வீட்லயும் ரெண்டு பேரா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"நான் ஒருத்தன்தாங்க. படம் முடிஞ்சதும் நல்லா இருந்ததுன்னு சொன்னேன். படுக்கிறப்ப யோசிச்சுப் பார்த்தேன், அவ்வளவு நல்லா இல்லை. எழுந்து போய் அதையும் சொன்னேன். சிவப்பு போட்டுட்டான்."

அச்சுக்கோப்பாளரின் முறை வந்தபோது கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டதும் காதில் விழுந்தது. "யோசிச்சீங்களா? உங்களை யார் சார் யோசிக்கச் சொன்னது?" அவரைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள்.

அடுத்தது கண்ணாடிக்காரர்.

"உங்க வீட்டுக் கருத்து என்ன சார்?"

"என்னோடதா, எங்க வீட்டம்மாவோடதா?"

"வீட்டோடது."

"வீடு படம் பார்க்காதுங்களே."

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தாள். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை பேரைப் பார்க்கிறோம் என்ற களைப்பு முகத்தில் இருந்தது. "உங்க வீட்டுக்கு வாசல் எத்தனை?"

"ஒண்ணுதான்."

"எல்லாரும் அந்த ஒரு வாசல் வழியாத்தானே வெளியே வர்றீங்க? கருத்து மட்டும் ஜன்னல் வழியா குதிக்குமா?"

அந்த நேரத்தில் அவருக்கு அது நியாயமாகக்கூடப் பட்டது. வாரியத்தின் பலமே அதுதான். அங்கே பேசுகிற எதுவும், பேசி முடிக்கிற வரைக்கும் நியாயமாகவே இருக்கும்.

"ஒத்திசைவு அலுவலரை அனுப்புறோம்" என்றாள் அவள். "அதுவரைக்கும் ரெண்டு பேரும் வீட்ல எதைப் பத்தியும் எதுவும் சொல்லிக்காதீங்க. சாப்பாட்டைப் பத்திக்கூட. அது அப்படியே படத்துக்குப் பரவிடும்."

ஒத்திசைவு அலுவலர் ஒரு வாரம் கழித்து, தோளில் பையோடு வந்தார். சாந்தமான ஆள். ஆய்வுக்காக மட்டும் பெட்டியைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டு, ஒரு நாற்காலியைத் தூக்கி டிவிக்கு முன்னால் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி, தம்பதிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சார், படம் அந்தப் பக்கம்" என்றார் கண்ணாடிக்காரர்.

"தெரியும் சார். படத்தைப் பார்க்கிறது என் வேலை இல்லை. படம் பார்க்கிறவங்களைப் பார்க்கிறதுதான் என் வேலை. நீங்க இயல்பா இருங்க."

காணாமல் போன மகளைத் தகப்பன் துறைமுகம் துறைமுகமாகத் தேடுகிற படம் அது. ஓர் ஆள் மடியில் பலகையை வைத்துக்கொண்டு கண்ணைக் கொட்டாமல் முகத்தையே பார்க்கும்போது இயல்பாக இருப்பது அவ்வளவு சுலபம் இல்லை. கண்ணாடிக்காரருக்கு மூக்கு அரித்தது. சொறிந்தார். அலுவலர் குறித்துக்கொண்டார். தகப்பன் மழையில் நின்று கதறியபோது லேப் அம்மா சிரித்தார். அதையும் குறித்துக்கொண்டார்.

"எதுக்கு மேடம் சிரிச்சீங்க?"

"மழையில நின்னு ஒருத்தன் அரை மணியா அழறான். பின்னாடி நிக்கிற கார் மேல ஒரு சொட்டு விழலை."

"உங்களுக்கு சார்?"

"நான் காரைப் பார்க்கலைங்க."

"ஒரே திரை, ஒருத்தர் கார் பார்க்கிறார், ஒருத்தர் பார்க்கலை" என்று சொல்லிக்கொண்டே எழுதினார் அலுவலர். அவர் குரலில் நோயைக் கண்டுபிடித்துவிட்ட வைத்தியரின் நிம்மதி இருந்தது.

படம் முடிந்தது. பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் நின்றார். தெருவை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பொண்ணு கெடைச்சாளா?"

"நீங்களும் இங்கதானே இருந்தீங்க?"

"இந்த வேலையில சேர்ந்ததிலேருந்து ஒரு படத்தோட முகத்தைப் பார்த்ததில்லைங்க. எல்லாம் முதுகுக்குப் பின்னாடி சத்தமாத்தான் போகுது. போன வாரம் ஒரு வீட்ல எதுவோ வெடிச்சுது. என்னன்னே தெரியாம இன்னைக்கு வரைக்கும் திரியிறேன்."

"கெடைச்சா சார்" என்றார் கண்ணாடிக்காரர், இரக்கப்பட்டு.

"எங்க கெடைச்சா? கடைசியில வந்தது வேற பொண்ணு. அந்த ஆளுக்குத் தெரியலை, உங்களுக்குமா தெரியலை?" என்றார் லேப் அம்மா.

அலுவலர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வந்தபோது இருந்த சாந்தம் போய்விட்டிருந்தது. பலகையை மறுபடி எடுத்து, "இவ்வில்லத்தில் முடிவுகளும் இரண்டு" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுவிட்டுப் போனார்.

பெட்டி மீண்டும் சிவப்பானது. விசாரணைக்கு அழைப்பு வரும்வரை மாலைகளில் அந்த வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. லேப் அம்மா சாப்பிட்டுவிட்டு வழக்கமான நேரத்துக்கு வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்து, அணைந்திருந்த டிவியைப் பார்த்தார். "கருப்பு அதிகமா இருக்கு" என்று அதற்கும் ஒரு குறை சொன்னார். கண்ணாடிக்காரர் சிரித்தார். ஆனால் நாள் முழுவதும் கலப்படத்தைப் பார்த்துவிட்டு வருகிற மனுஷிக்குத் திட்டுவதற்கு ஒரு படம்கூட இல்லாமல் போய்விட்டதே என்பது அவருக்கு மனதில் உறுத்தியது.

அழைப்பு வந்து இருவரும் போனபோது, வாரியத் தலைவரின் அறைக் கம்பளத்தில் கால் கணுக்கால் வரை புதைந்தது. தலைவர் மேடை மீது உயரமான நாற்காலியில் இருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் கேட்பதற்கு, இன்னொருவர் ஆமோதிப்பதற்கு. ஆமோதிக்கும் உறுப்பினருக்கு வேலைப்பளு அதிகம் என்பது கழுத்து வலிக்குப் போட்டிருந்த பட்டையைப் பார்த்தாலே தெரிந்தது.

"கருத்து என்பது என்ன?" என்று ஆரம்பித்தார் தலைவர். பதிலை எதிர்பார்க்காமல் அவரே தொடர்ந்தார். "கருத்து என்பது பொதுச்சொத்து. சாலை மாதிரி. பாலம் மாதிரி. தனிமனிதர் அதைக் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருக்கிறார், அவ்வளவே. இந்த வாரியம் வருவதற்கு முன்னால் இந்த நாட்டில் ஒரே படத்தைப் பற்றி எத்தனை கருத்துகள் இருந்தன என்று நினைக்கிறீர்கள்? வெட்கத்தோடு சொல்கிறேன், பார்த்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை. இன்று கட்டடத்தின் கீழ்த்தளம் முழுவதும் கருத்து. அடுக்கி வைத்திருக்கிறோம். ஈரம் படாமல் காப்பதற்குத் தனியாக ஒரு துறை இருக்கிறது."

"எல்லாத்தையும் படிப்பீங்களா?" என்று கேட்டார் லேப் அம்மா.

தலைவர் புண்பட்டுப் போனார். "படிக்கிறதா? அம்மா, கருத்தைச் சேகரிக்கிறவன் அதைப் படித்தால் அவனுக்கும் ஒரு கருத்து வந்துவிடும். அப்புறம் நடுநிலை என்னாவது? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் பதவி ஏற்ற நாளிலிருந்து ஒரு படம்கூடப் பார்த்தது கிடையாது. அதற்கு முன்னாலும் பெரிதாகப் பார்த்ததில்லை. அந்த ஒரு தகுதிக்காகத்தான் என்னைத் தேடிவந்து இங்கே உட்கார வைத்தார்கள்."

ஆமோதிக்கும் உறுப்பினர் ஆமோதித்தார்.

கேட்கும் உறுப்பினர் வழிகளை எடுத்துரைத்தார். ஒன்று, இரண்டு கருத்தையும் கூட்டிச் சராசரி எடுக்கலாம். அதை வாரியமே செய்து வைத்திருந்தது: "அழுகையூட்டும் பால்பவுடர்." இல்லாவிட்டால் வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி, இரண்டாவது வாசல் உடைத்து, இரண்டு இல்லங்களாகப் பதிந்துகொள்ளலாம். பல வீடுகளில் அப்படிச் செய்து சந்தோஷமாகப் பிரிந்து வாழ்கிறார்கள். எதுவும் ஒத்துவராவிட்டால் இருவரில் ஒருவர் தன் கருத்தை நிரந்தரமாக வாரியத்திடம் ஒப்படைத்துவிடலாம். அதற்குக் கருத்துத் துறவு என்று பெயர். துறந்தவர் மறுபடி வாயைத் திறந்து ஒரு படத்தைப் பற்றி மாற்றிச் சொன்னால், வீட்டின் பட இணைப்பு அதோடு சரி. திரும்பக் கிடைக்காது.

"நான் துறந்துடறேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

லேப் அம்மா திரும்பிப் பார்த்தார். அதற்குள் கையெழுத்து முடிந்துவிட்டது. தலைவர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றார். "பாருங்கள். முன்னெல்லாம் மனிதர்கள் வீட்டைத் துறந்து காட்டுக்குப் போனார்கள். இவர் வீட்டில் இருந்துகொண்டே, சாப்பிட்டுக்கொண்டே, சோபாவில் சாய்ந்துகொண்டே துறந்திருக்கிறார். இது அல்லவா வளர்ச்சி."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது லேப் அம்மா கேட்டார். "எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

"உனக்குப் படம் வேணும்ல?"

லேப் அம்மா பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலை பச்சை எரிந்தது. போர்ப் படம் ஒன்று ஓடியது. முடிந்ததும் இருவரும் தொட்டிக்குப் போனார்கள்.

"யுத்தம்னா ஒருத்தனுக்காவது தலை கலையணும். எல்லாரும் இப்பத்தான் சலூன்லேருந்து வந்தவன் மாதிரி இருக்கான்" என்றார் லேப் அம்மா. சொல்லிவிட்டுத் துணியோடு காத்திருந்தார்.

"ஆமாம்" என்றார் கண்ணாடிக்காரர்.

"என்ன ஆமாம்?"

"நீ சொல்றது சரிதான்."

கூடத்தில் பச்சை விளக்கு ஒரு முறை கண் சிமிட்டியது. தட்டுகள் மடமடவென்று கழுவி முடிந்தன. அந்த வீட்டில் பாத்திரம் அவ்வளவு சீக்கிரம் கழுவப்பட்டதே இல்லை. கடைசிக் கரண்டியைத் துடைத்து வைத்துவிட்டு இரண்டு பேரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

லேப் அம்மா லேசில் விடுகிறவர் இல்லை. மறுநாள் வேண்டுமென்றே மகா மட்டமான படம் ஒன்றைப் பொறுக்கிப் போட்டார். வில்லன் செத்து, தன் சொந்தப் பேரனாகவே பிறந்து வந்து, தன்னைத் தானே பழிவாங்குகிற கதை.

"ரொம்ப இயல்பா இருந்தது, இல்லைங்க?"

"ஆமாம்."

"நேத்து நல்லா இல்லைன்னதுக்கும் ஆமாம்னீங்க."

"ஆமாம்."

"அந்தப் பேரனுக்கு மீசை ஒட்டினது ஒரு பக்கம் தொங்கிச்சு. அது இன்னும் இயல்பா இருந்தது."

கண்ணாடிக்காரர் கையிலிருந்த குழம்புச் சட்டியை அழுத்தித் தேய்த்தார். "ஆமாம்."

லேப் அம்மா நல்ல படத்தைக் குப்பை என்று சொல்லிப் பார்த்தார். குப்பையைக் காவியம் என்று சொல்லிப் பார்த்தார். மூன்று மணி நேரம் ஓடுகிற படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, இதுதான் முடிவு என்றும் சொல்லிப் பார்த்தார். ஆமாம், ஆமாம், ஆமாம். பாறையில் போய் முட்டிக்கொண்டாலாவது வலிக்கும். பஞ்சு மூட்டையில் முட்டினால் என்ன கிடைக்கும்? சில நாட்களில் லேப் அம்மாவும் விட்டுவிட்டார். படம் முடிந்ததும் பெட்டியிடம் போய் "நன்று" என்பார். அது நன்றியோடு பச்சையாகும். இரண்டு பேரும் போய்ப் படுத்துக்கொள்வார்கள்.

மகள் போன் செய்தாள். "அப்பா, அம்மாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கா."

"நல்லா எங்க இருக்காங்க? நேத்து ஒரு மணி நேரம் பேசினாங்க, உங்களை ஒரு வார்த்தை திட்டலை. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. எதுக்கும் ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்கப்பா."

வாரியத்துக்கோ அந்த வீட்டின் மீது பெருமிதம் தாங்கவில்லை. நகரத்திலேயே சச்சரவு இல்லாமல் தொடர்ந்து பச்சை எரியும் வீடு அதுதான். மற்ற வீடுகளில் எல்லாம் மாமியார் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம் என்று சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. ஆகவே ஆண்டு விழாவில் கண்ணாடிக்காரர் தம்பதிக்கு "ஒருமித்த இல்லம்" விருது வழங்குவது என்று முடிவானது. அதோடு அவர்கள் வாழ்க்கையை வாரியமே ஒரு குறும்படமாக எடுத்து, மேடையில் போட்டுக்காட்டுவது என்றும்.

விழா மண்டபத்தில் முதல் வரிசை அலுவலர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஒத்திசைவு அலுவலர்கள் பழக்கதோஷத்தில் நாற்காலிகளைத் திருப்பிப்போட்டு, மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். தம்பதியை மேடையில் ஏற்றி, கழுத்தில் பட்டுத்துண்டு போட்டு, இரண்டு நாற்காலிகளில் வைத்தார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"இன்று இந்த வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். என்ன அமைதி. நான் நேரில் போனதில்லை. ஆனால் அறிக்கையைப் பார்த்தேன். கருத்து வேறுபாடு இல்லை. அதனால் கருத்தே தேவையில்லை என்ற உன்னத நிலையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நாடு முழுவதும் இந்த நிலை வந்துவிட்டால் இந்த வாரியத்துக்கு வேலையே இருக்காது. அப்போதுதான் எங்கள் முழு உழைப்பும் வெளியே தெரியும்."

கைதட்டல் ஓய்ந்ததும் படம் ஓடியது. தேநீர் ஆறுகிற நேரம்கூட ஓடாத படம். பெரிய வீடு. பெரிய சோபா. கண்ணாடிக்காரராக நடித்தவர் தோள் விரிந்த ஆசாமி. மூக்கில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு படம் பார்க்கிறார். "சிறந்த படைப்பு" என்கிறார். பக்கத்தில் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பெண் மெல்லத் தலையாட்டுகிறாள். "ஆமாங்க" என்கிறாள். அவர் இன்னொரு படம் பார்க்கிறார். "மிகச் சிறந்த படைப்பு." அவள் இன்னும் மெல்லத் தலையாட்டுகிறாள். வயலின் அழுகிறது. துறந்தது புருஷனா மனைவியா என்பதை வாரியத்தில் யாரும் படித்துப் பார்க்கவில்லை. படிப்பதுதான் நடுநிலைக்கு விரோதமாயிற்றே.

விளக்குகள் எரிந்தன. தலைவர் மைக்கை லேப் அம்மாவின் பக்கம் நீட்டினார். "தங்கள் இல்லத்தின் சிறுகருத்து, அம்மா. சபை காத்திருக்கிறது."

லேப் அம்மா கொஞ்ச நேரம் வெள்ளைத் திரையைப் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார். பல வாரங்களாகக் காணாமல் போயிருந்த பார்வை அது.

"நல்லா இருந்துச்சு" என்றார். "உள்ளதை உள்ளபடி எடுத்திருக்காங்க. அந்தப் பொண்ணு அப்படியே என்னை உரிச்சு வெச்சிருக்கு."

சபை கண்ணாடிக்காரரைப் பார்த்தது. அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். அதைச் சொல்லித்தான் இத்தனை நாள் வீட்டில் படம் ஓடுகிறது. அவர் வாயைத் திறந்தார். "ஆ" வரைக்கும் வந்தது.

"உன்னையா?" என்றார்.

"ஏன்?"

"அது நீயா? நீ என்னைக்குத் தலையாட்டினே? கல்யாணத்தன்னைக்கு போட்டோக்காரன் தலையைக் கொஞ்சம் சாய்ங்கன்னு கெஞ்சினான். சாய்ச்சியா?"

"நல்ல நடிகையா போட்டிருக்காங்க. எவ்வளவு பாந்தமா தலையை ஆட்டுச்சு."

"பாந்தமா? கழுத்துல ஸ்பிரிங் வெச்ச பொம்மை ஆட்டும் அப்படி. குப்பைப் படம். மூஞ்சியில ஒரு குறைகூட இல்லாத பொம்பளையைப் போட்டுட்டு அதை நீன்னு சொல்றாங்க, நீயும் கேட்டுட்டு உக்காந்திருக்கே."

லேப் அம்மாவின் முகம் மலர்ந்துபோயிற்று. "அப்ப என் மூஞ்சியில குறை இருக்குங்கறீங்க."

"பேச்சை மாத்தாதே. படத்தைப் பேசு."

"படம் நல்ல படம்தான். வயலின் வந்த இடத்துல எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"உனக்கா? தகப்பன் மழையில அழுதப்ப கார் நனையலைன்னு சிரிச்சவ நீ. வயலினுக்குக் கலங்கினாளாம்."

"ஐயா," என்றார் தலைவர், "துறந்தவர் பேசக்கூடாது. இல்லத்தின் கருத்து எது என்று ஒன்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் விதிப்படி இப்போதே..."

"கொஞ்சம் இருங்க சார், பேசிட்டிருக்கோம்ல" என்றார் லேப் அம்மா, அவர் பக்கம் திரும்பாமலே.

முதல் வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அந்த வீட்டுக்கு வந்துபோன ஒத்திசைவு அலுவலர் மெதுவாகத் திரும்பி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது தெரிந்ததும் பக்கத்தில் இருந்தவர் அவரைக் குறித்துக்கொண்டார்.

விருதும் போயிற்று, இணைப்பும் போயிற்று. இரண்டையும் அங்கேயே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அறிவிக்கும்போது தம்பதி இருவரும் மேடையை விட்டு இறங்கி, அந்தப் பெண்ணின் தலையில் இருந்தது நிஜப் பூவா காகிதப் பூவா என்ற விஷயத்துக்குப் போயிருந்தார்கள். பஸ்ஸிலும் அதுவே. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய், திரும்பி நடந்து வந்தார்கள். மறுநாள் வாரியத்தின் ஆள் வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்.

அந்த வீட்டில் அதன் பிறகு படம் ஓடவில்லை. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரும் தொட்டிக்குப் போய்விடுகிறார்கள், வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வருகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். வாரியம் எடுத்த அந்தப் படத்தை இன்னும் பேசி முடிக்கவில்லையாம். சோபா ஆயிற்று, பூ ஆயிற்று, வயலின் ஆயிற்று. நேற்றுதான், படத்தில் அந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் ஓடியதா, நின்றிருந்ததா என்ற இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.